கூரை வெட்டின பியட்டு

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல எங்க பீங்கான் பட்டறையைத் திறந்தாங்க. அச்சுல இருந்து எடுத்த பொம்மைங்களுக்கு ஓரம் சுரண்டிக்கிட்டு இருந்தேன். நல்லூர் அன்புச்செல்வன் அண்ணன் ஊறுகா ஜாடி வாங்க வந்தவரு, முதலாளிகிட்ட தன் ஆசையைச் சொல்ல ஆரம்பிச்சாரு. அவங்க அப்பா ஓட்டின பழைய பியட் காரு ஷெட்டுல கிடக்குதாம். கூரையை எடுத்துட்டுத் திறந்த காரா ஆக்கணும், உள்ள ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினு, பிரேக்கு, சீட்டு எல்லாம் மாட்டணும், ஏப்ரல்ல புதுச்சேரியில பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டு போகணும். ரோட்டுல ஓட்ட ஆர்.டி.ஓ. விடமாட்டாங்க, அதனால லாரியில ஏத்திட்டுப் போவாராம். மத்த நாள்ல தன் கரும்புத் தோட்டத்துக்குள்ள ஓட்டிக்குவாராம். செய்யத்தான் ஆளு கிடைக்கலியாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கலியே. "எங்க வூட்டுக்காரரு ஷார்ஜாவுல பதினெட்டு வருஷமா இதே வேலைதான் அண்ணே. கூரை வெட்டுறதுல இருந்து பெயிண்டு வரைக்கும் தனி ஆளா முடிப்பாரு"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியும். லீவுல வந்திருக்கற இவரு ஏப்ரல் பத்துக்குள்ள திரும்ப அங்க போய் இறங்கலைன்னா விசா போயிடும். போக வேணாம்னு வாயைத் திறந்து சொல்ல எனக்கு ரோஷம். ஒரு வேலையைக் கால்ல கட்டிவிட்டா நிப்பாருன்னு நினைச்சேன்.

22 ஜனவரி

காரு வந்து இறங்கிடுச்சு. எஸ்டேட் பின்னால ஒரு ஷெட்டு வாடகைக்குக் கிடைச்சுது. "யாரைக் கேட்டு ஒத்துக்கிட்ட?"ன்னு இவரு கத்தினாரு. கத்திட்டு காரை மூணு சுத்து சுத்தி வந்தாரு. பானெட்டைத் தட்டிப் பாத்தாரு. அப்புறம் தானா சொன்னாரு: "இது நல்லபடியா வந்துட்டா இங்கயே பட்டறை போட்டுடறேன். வரலைன்னா ஏப்ரல்ல கிளம்பிடுவேன், அழக்கூடாது."

நான் எதுக்கு அழப்போறேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

30 ஜனவரி

கிரீஸ் கையோடயே சாப்பிட உக்காந்தாரு. திட்டினேன். பதினெட்டு வருஷத்துல இவரு வூட்டுல இருந்த நாளையெல்லாம் சேத்தா ரெண்டு வருஷம் தேறாது. திட்டுறதுக்கு ஆளு எதிர்ல இருக்குதே, அல்ஹம்துலில்லாஹ்.

11 பிப்ரவரி

சென்னையில இருந்து இன்ஜின் வந்துது. அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காருல இருந்து கழட்டினதாம். முன் சக்கரத்துக்குப் பெரிய பிரேக்கு, உடம்பைக் கட்டிப் புடிக்கிற மாதிரி ரெண்டு சீட்டு.

15 பிப்ரவரி, சனி

ஸ்டார்ட் பண்ணினாரு. சத்தம் கேட்டு எஸ்டேட்டே வந்து நின்னுச்சு. எங்கூட வேலை செய்யற ராஜம்மாள் காதைப் பொத்திக்கிட்டு, "ஜுலைகா, உன் வூட்டுக்காரரு கிழவனுக்கு வாலிபன் நெஞ்சை வெச்சுட்டாரு"ன்னா. இவருக்குச் சிரிப்பு தாங்கல. இப்படிச் சிரிப்பாருன்னே எனக்கு மறந்து போயிருந்துது. போன்ல சிரிப்பு வேற மாதிரி.

20 பிப்ரவரி

இன்னைக்குக் கூரையை வெட்டிட்டாராம். வந்தவரு சாப்பிடல. கேட்டா தலைவலிங்கறாரு.

22 பிப்ரவரி

ஷெட்டை உள்ள பூட்டிக்கிறாரு. சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சுட்டுப் போகச் சொல்றாரு. என்னன்னே புரியல. நான் என்ன பண்ணேன்?

24 பிப்ரவரி

மக சமீரா ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினா. "அம்மா, அத்தா என்கிட்ட ஷார்ஜா டிக்கெட் பாக்கச் சொன்னாங்க. உனக்குத் தெரியுமா?"

தெரியும்னு பொய் சொன்னேன். அப்புறம் வெங்காயம் உரிக்க உக்காந்தேன். வெங்காயத்தோட நிறுத்தியிருக்கலாம், பூண்டு உரிக்கறப்பவும் அழுதுக்கிட்டு இருந்தேன்.

26 பிப்ரவரி, புதன்

இன்னைக்கு லீவு போட்டுட்டு நேரா ஷெட்டுக்குப் போனேன். கதவைத் தட்டின தட்டுல பக்கத்துப் பட்டறை ஆளுங்க எட்டிப் பாத்தாங்க. திறந்தாரு.

காரு கூரையில்லாம நிக்குது. முதல்ல அழகாத்தான் தெரிஞ்சுது. "என்ன குறை?"ன்னேன். டிரைவர் பக்கத்துக் கதவைச் சாத்திக் காட்டினாரு. சாத்த முடியல. மேல் ஓரம் இடிக்குது. அந்தப் பக்கமும் அப்படித்தான். கூரைதான் வண்டியை இழுத்துப் புடிச்சிருந்துதாம். அது போனதும் நடுவயிறு தொய்ஞ்சிடுச்சு.

"உங்களுக்குத் தெரியாதா? எத்தனை கூரை வெட்டியிருக்கீங்க?"

டயரு மேல உக்காந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு: "ஒண்ணு கூட இல்ல ஜுலைகா. நான் இன்ஜினும் பிரேக்கும்தான். கூரை வெட்டுறது அங்க எங்கூட வேலை செய்யற அமானுல்லான்னு ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரரு. நான் பக்கத்துல நின்னு டீ குடிச்சிருக்கேன். உங்கிட்ட போன்ல நான் வெட்டினேன்னு சொல்லிக்கிட்டேன்."

"ஏன்?"

"வேற என்னத்தைச் சொல்றது? எட்டு பேரு ஒரு ரூமுல படுக்கறதையா? நீ வேற பெருமையா ஒத்துக்கிட்டு வந்து நிக்கற. எனக்குத் தெரியாதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

எனக்கு வந்த கோவத்துக்கு அங்க கிடந்த ஸ்பேனரை எடுத்து எறிஞ்சிருக்கணும். ஆனா யாரு மேல எறியறது? அவரு என்கிட்டதான் பீத்திக்கிட்டாரு. நான் ஊரான் வூட்டுக் காரை வெச்சுல்ல பீத்திக்கிட்டேன்.

குனிஞ்சு அடியில பாத்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. "வெட்டறதுக்கு முன்னாடி முட்டு வெக்கலியா? கை நீட்டின பொம்மையை நாங்க சூளைக்கு அனுப்பறப்போ கைக்கு அடியில அதே மண்ணுல ஒரு முட்டு வெச்சுத்தான் அனுப்புவோம். இல்லைன்னா கை தொங்கிடும். வெந்து வந்தப்புறம்தான் முட்டை எடுப்போம்"னேன்.

"இது மண்ணு இல்ல, இரும்பு. நீ வூட்டுக்குப் போ."

வந்துட்டேன்.

1 மார்ச், சனி

நாளைக்கு நோன்பு ஆரம்பம். கடைசியில அமானுல்லாவுக்கு போன் போட்டாரு. அந்த ஆளு இந்தியில அரை மணி நேரம் திட்டினது எனக்கே கேட்டுச்சு. அடியில முட்டு வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கு, கதவு நேரா வந்ததும் குறுக்கே கம்பி பத்தவை, ரெண்டு பக்கமும் அடியில பெட்டிப் பைப்பு பத்தவை, அப்புறம் குறுக்குக் கம்பியை எடுன்னு சொன்னாராம்.

"இதைத்தானே நானும் சொன்னேன்? பட்டாணி சொன்னாத்தான் ஏறுமா?"ன்னேன். "நீ தமிழ்ல சொன்ன, அதான் புரியல"ன்னாரு. ஒரு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்.

3 மார்ச்

அன்புச்செல்வன் அண்ணன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி நல்லூர் போனோம். இவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருந்தாரு. நான் முந்திக்கிட்டேன். "அண்ணே, இவரு கூரை வெட்டினவரு இல்ல. நான்தான் பெருசா சொல்லிட்டேன். வண்டி வளைஞ்சுடுச்சு. நிமித்த வழி தெரிஞ்சுக்கிட்டோம். நம்பிக்கை இல்லைன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

அண்ணனோட சம்சாரம் செல்வநாயகிதான் முதல்ல, "வந்து சொல்றாங்களேங்க"ன்னு மெதுவாச் சொன்னாங்க.

"எங்க அப்பா காரு பாய் அது"ன்னாரு அண்ணன். அப்புறம், "நிமித்துங்க. ஆனா இனிமே வாரா வாரம் நான் வந்து பாப்பேன்."

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். இதுக்குத்தான் பஸ்ஸுல வரப்ப கண்ணு கலங்கிடுச்சு. அல்லாஹ் அந்தக் குடும்பத்தை நல்லா வெக்கணும்.

14 மார்ச்

பட்டறை முடிஞ்சதும் நான் ஷெட்டுக்குப் போயிடறேன். அவரு அடியில ஜாக்கியைத் திருப்பறாரு, நான் டார்ச்சைப் புடிச்சுக்கிட்டுக் கதவு இடுக்கைப் பாத்துச் சொல்றேன். ஒரு நாளைக்கு ஒரு நூல் அளவுதான் தூக்கணும், அவசரப்பட்டா கிழிஞ்சிடும்ங்கறாரு. பாங்கு சொன்னதும் காருக்குப் பக்கத்துலயே உக்காந்து நோன்பு திறக்கறோம். பள்ளிவாசல் கஞ்சி, ராஜம்மாள் கொடுத்தனுப்பின வடை.

"புதுசா கட்டிக்கிட்டவங்க மாதிரி காருக்கு அடியிலயே கிடக்கறீங்களே"ன்னு அவளுக்குக் கிண்டல். இருந்துட்டுப் போகட்டும். கல்யாணமான புதுசுல நாங்க சேந்து இருந்தது நாப்பது நாளு. இது அதைவிட நல்லா இருக்குது.

19 மார்ச்

பைப்பு பத்தவெச்சாச்சு. அவருக்கு முழங்கையில சூடு பட்டு கொப்பளம். மருந்து போடவிட மாட்டேங்கறாரு, சின்னப் புள்ள மாதிரி.

27 மார்ச், வியாழன்

இன்னைக்குக் குறுக்குக் கம்பியை அறுத்தாரு. ரெண்டாவது கம்பி விழுந்ததும் வண்டியில ஒரு சத்தம். இவரு கதவைத் தொடவே இல்ல, என்னைப் பாத்து, "நீ சாத்து"ன்னாரு.

சாத்தினேன். மூடிக்கிச்சு. திறந்து மறுபடியும் சாத்தினேன். அந்தப் பக்கம் போய் அந்தக் கதவையும் சாத்தினேன். எத்தனை தடவைன்னு தெரியல, அவரு வந்து கையைப் புடிச்சு நிறுத்தினாரு. அல்ஹம்துலில்லாஹ். வேற எதுவும் எழுத வரல.

31 மார்ச்

பெருநாள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் இவரு வூட்டுல இருக்கற ரம்ஜான். சமீரா செஞ்ச பிரியாணி குழைஞ்சு போச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

6 ஏப்ரல், ஞாயிறு

புதுச்சேரி போயிட்டு இப்பத்தான் வந்தோம். பாலாடை நிறத்துல பெயிண்டு, செவப்பு சீட்டு, கடல் காத்து. அன்புச்செல்வன் அண்ணன் செல்வநாயகியை உக்கார வெச்சு மைதானத்துக்குள்ள ஒரு சுத்து ஓட்டினாரு. அந்தம்மா முந்தானையைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. பரிசு வேற யாருக்கோ. போகட்டும்.

கண்ணாடி போட்ட ஒருத்தரு குனிஞ்சு அடியெல்லாம் பாத்துட்டு, "கூரை வெட்டினது யாரு?"ன்னு கேட்டாரு. நான் இவரைத் திரும்பிப் பாத்தேன்.

"நான்தாங்க. முதல் வண்டி. வெட்டினப்ப வளைஞ்சிடுச்சு. அப்புறம் நானும் என் வூட்டுல இவங்களும் சேந்து நிமித்தினோம்"னாரு இவரு. அத்தனை பேரு முன்னாடி. அந்த ஆளு கார்டு கொடுத்து, வேப்பூருல ஒரு பழைய ஜீப்பு இருக்குது, பாக்க முடியுமான்னாரு. பாக்கலாம்னாரு இவரு. அவ்வளவுதான். இருக்கறேன்னும் சொல்லல, போறேன்னும் சொல்லல.

10 ஏப்ரல்

தேதி பத்து. விசாவுக்குக் கடைசி நாள். நான் ஒண்ணும் கேக்கல. கேக்கவே மாட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி

ஜும்மா முடிஞ்சு வந்து, "பீரோவுல ஒரு தட்டு காலி பண்ணிக் கொடு"ன்னாரு. இத்தனை வருஷமா லீவுல வந்தா இவரு துணியெல்லாம் சூட்கேஸ்லயேதான் இருக்கும். அதுல இருந்து எடுப்பாரு, அதுலயே வெப்பாரு. எனக்கு இருக்கறதே நாலு தட்டு, என் சேலையை எங்க கொண்டு போய்க் கொட்டறதுன்னு கத்திட்டு, ரெண்டு தட்டு காலி பண்ணிக் கொடுத்தேன்.

அவரே எல்லாத்தையும் அடுக்கி வெச்சுட்டு ஷெட்டுக்குப் போனாரு. போனதும் திறந்து பாத்தேன். ஒவ்வொரு சட்டையையும் சூட்கேஸுக்கு மடிக்கிற மாதிரியே இறுக்கிச் சுருட்டி, மூலையில நெருக்கி வெச்சிருக்காரு. பாதித் தட்டு காலியா கிடக்குது. எல்லாத்தையும் எடுத்துப் பிரிச்சு, உதறி, அகலமா மடிச்சு, தட்டு முழுக்க வெச்சேன்.