இரண்டாவது பாட்டில்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டைச் சிகிச்சையில் உன் குரல் போனதிலிருந்து போன் அடித்தால் எடுப்பதில்லை, எழுதினால்தான் பதில். அதுவும் நல்லதுதான். இந்த அழுமூஞ்சி அக்கா மூக்கை உறிஞ்சுவது உனக்குக் கேட்காது.

சூரியகாந்தித் தேனுக்கு நீ எழுதியதை அப்படியே லேபிளில் போட்டுவிட்டேன். "வெயிலில் காய்ந்த துணியை முகத்தில் வைத்தது போல ஓர் இனிப்பு." கடைக்கு வந்த டீச்சர் ஒருவர் வாசித்துவிட்டு, "யாருங்க எழுதினது? அவருக்கு நாக்கா, வேற ஏதாவதா?" என்றார். எங்கள் வீட்டு நாக்கு என்றேன்.

ருசி திரும்பிவிட்டது என்று நீ எழுதிய பிறகுதான் எனக்கே சாப்பாடு இறங்குகிறது. இத்துடன் கொத்தமல்லிப்பூத் தேன். காய்ச்சாதது, வடிகட்டாதது. சூரியகாந்தியோடு ஒப்பிட்டு எழுது. ஸ்கேன் முடிவு வந்ததா?

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கேன் நல்லபடியாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதே.

தேனுக்கு வருகிறேன். சூரியகாந்தி வாசலிலேயே நின்று கூப்பிடும். இது அப்படியில்லை. முதலில் ஒன்றும் சொல்லாது. விழுங்கின பிறகு ஒரு கசப்பு மெதுவாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். போகச் சொன்னாலும் போகாது. அவசரக்காரர்களுக்கு இதை விற்காதே.

உன் தம்பி

ஜூன் 20

தம்பி,

ஒரு கூத்து நடந்துவிட்டது. லேபிள் அடிக்கக் கொடுக்குமுன் கொத்தமல்லிப் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, சூரியகாந்தி. பாட்டில் நிரப்புகிற பெண்ணைக் கேட்டால், "ரெண்டு டிரம்மும் ஒரே மாதிரிதானே இருக்கு, மேடம்" என்கிறாள். உனக்கு வந்த இரண்டும் ஒரே தேன்.

அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் பூவின் தேன் என்று சொன்னவன் நீ. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது?

அக்கா

ஜூன் 28

அக்கா,

மாட்டிக்கொண்டேன். கதிர்வீச்சு கொடுத்த நாளிலிருந்து எனக்கு ருசியே தெரியவில்லை. தேனும் கஞ்சியும் ஒன்றுதான். சொன்னால் பாட்டில் வருவது நின்றுவிடுமே என்று சொல்லவில்லை. நீ அனுப்பிய இரண்டு பாட்டிலுக்கும் ஒரே நிறம் என்று பார்த்தேன். நாக்கில்லாதவன் உன்னை எப்படிக் கேள்வி கேட்பது?

பாட்டில் வந்தால் என் மனைவியை எதிரில் உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடுப்பேன். "இனிப்பா இருக்கு. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்து எழுதுவேன். முதல் பாட்டிலைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாவதைத் திறந்தது ஸ்கேன் முடிவை வாங்கிவந்த மாலையில். விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தாள். பார்த்ததைத்தான் எழுதினேன், அக்கா.

உன் தம்பி

ஜூலை 2

தம்பி,

அந்த லேபிளை அடிக்கக் கொடுக்கவில்லை. நீ எழுதிய காகிதம் என்னிடமே இருக்கட்டும்.

கடைச் சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்தாயிற்று. எதை எதில் நிரப்புவாளோ, நிரப்பட்டும். வெள்ளிக்கிழமை காலை உன் வாசலில் இருப்பேன். சரியான கொத்தமல்லித் தேனை நானே நிரப்பி எடுத்துவருகிறேன்.

இந்தத் தடவை உன் மனைவியை விட்டுவிடு. பாவம், எத்தனை ஸ்பூன்தான் விழுங்குவாள். நான் எதிரில் உட்கார்கிறேன். என் முகத்தைப் பார்த்து எழுது. அழுதால் அது தேனின் குணமில்லை, உன் அக்காவின் குணம். அதைக் கழித்துவிட்டு எழுது.

அக்கா