முன் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம்

ராஜபாளையம்
20.5.1992

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மகன் பொன்னுராஜுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாயா என்பதே எந்நேரமும் எனக்கு நினைப்பு. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நாலைந்து நாளாக என் மனசு ஒரு நிலையில் இல்லை.

உன்கூட வேலை பார்க்கும் சங்கையா லீவில் வந்தபோது அவனிடம் நீ கொடுத்துவிட்ட கறுப்பு ஃபிலிமை அப்பா நம் டாக்சிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். பொய் சொல்லக் கூடாது, இந்த அக்கினி நட்சத்திர வெயிலுக்கு நல்லதுதான், சீட்டில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும், இப்போது அது இல்லை. ஆனால் பக்கத்துக் கண்ணாடியோடு நிறுத்தினாரா மனுஷன்? சுருளில் மிச்சம் இருக்கிறது என்று முன் கண்ணாடியிலும் முழுசாக ஒட்டச் சொல்லிவிட்டார். மெக்கானிக் தவசிமுத்து, வேண்டாம் அண்ணாச்சி, ரோடு தெரியாது என்று சொல்லிப் பார்த்தான். எம்புட்டு தூரத்துல இருந்து பிள்ளை அனுப்பியிருக்கான், மிச்சத்தைக் குப்பையிலயா போடச் சொல்லுத என்று அவன் வாயை அடைத்துவிட்டார். பொழுது சாய்ந்தால் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டுகிறார், எதிரே வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு சவாரி. ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரலாம் என்று நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். திரும்பி வரும்போது வண்டியை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டு நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் ஆடு பத்திக்கொண்டு வந்த மாரியாத்தாள் என்ற பெண் ரோட்டோரப் பள்ளத்தில் கிடக்கிறாள், முழங்கால் தோல் உரிந்து ரத்தம். வண்டியைக் கம்பால் தட்டிவிட்டுக் குதித்ததால் தப்பினாள். ஏன் அண்ணாச்சி, கண்ணைக் கட்டிக்கிட்டா வண்டி ஓட்டுதிய என்று கேட்டாள். இருட்டுல வந்தா எனக்கு எப்படித் தெரியும் என்றார் அப்பா. இருட்டு எங்கே இருந்தது? கதவைத் திறந்தால் வெளியே நல்ல வெளிச்சம், சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால் முழுசாக இறங்கவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப்போட்டு வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது நானே போய் ஒரு மூலையைப் பிய்த்தேன். எழுந்து வந்து பார்த்தவர் திட்டவில்லை. பிய்ந்த மூலையை விரலால் நீவி நீவி ஒட்டிவிட்டு, நம்ம மேல வெயில் படக் கூடாதுன்னு பிள்ளை அனுப்பினது ஏட்டி, அதையா உரிக்கே என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் கை வரவில்லை.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கட்டும், முன் கண்ணாடிக்கு நான் அனுப்பவில்லை, உரித்துவிடுங்கள் என்று உனக்கே தோன்றியதுபோலச் சொல். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. சங்கையா நாளைக்குப் புறப்படுகிறான், இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், பார்த்த உடனே மருந்துக்கடை சீனிச்சாமி வீட்டு போனுக்குக் கூப்பிடு. அடுத்த வாரம் சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தை வத்திராயிருப்புக்கு ஏற்றிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார், அதற்கு முன்னால் கூப்பிட்டுவிடு.

நீயும் அங்கே வெயிலில் தலையில் துணி போடாமல் அலையாதே. ஆண்டாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். போன் செய்ய மறந்துவிடாதே. நீ கூப்பிடும்வரை அவர் எந்தச் சவாரிக்குப் போனாலும் நானும் முன் சீட்டில் ஏறிக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கும்தான் மாரியாத்தாள் தெரியவில்லை. இருந்தாலும் அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தாத்தாள்