சேனைத் தேனும் செல்லாயி அத்தையும்

12-12-1982, ஞாயிறு

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன்.

வசந்தாமணி அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பொங்கலை ஒட்டிக் குழந்தை பிறக்குமாம். அப்பா சேனைக்கென்று கொல்லிமலைத் தேன் வாங்கி வந்தார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் சேனை வைப்பது எப்போதும் அப்பாவின் அக்கா செல்லாயி அத்தைதான். நிறுத்தத்தில் நிற்காமல் போன திருச்செங்கோடு பஸ்ஸைச் சத்தம் போட்டே பின்னுக்கு வரவைத்த அத்தை!

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். "அம்மிணி, அத்தை கோவம் எம்புள்ளைக்கு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? நீ வையி. நீதான் சாதுவா பொஸ்தகம் படிச்சுட்டுக் கெடக்கறே."

என் குணத்தோடு ஒரு குழந்தை! எனக்கு வேர்த்துவிட்டது.

14-12-1982

அம்மாவிடம் அக்கா நைசாகப் பேசிவிட்டாள். "தேனை யாரு பதனமா வெச்சிருக்காங்களோ அவங்களே வெக்கட்டும்னு சொல்லிப் பாக்கறேன்" என்றாள் அம்மா. ஆக, தேன் இப்போது என் பொறுப்பு.

நூலகத்தில் தேனீ வளர்ப்புப் புத்தகம் எடுத்தேன். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். ஈரம் சேர்ந்தால் புளித்துவிடும். அப்பா வாங்கி வந்த பித்தளைச் சொம்பில் வைக்கவே கூடாது. அதனால் ஹார்லிக்ஸ் பாட்டிலை வெயிலில் காயவைத்துத் தேனை அதில் மாற்றினேன். எறும்பு வராமலிருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன். 'ஈரக் கரண்டி போடக் கூடாது' என்று எழுதியும் ஒட்டினேன்.

அதை உரக்கப் படித்துக்கொண்டே அப்பா ஈரக் கரண்டியை உள்ளே விட்டார்.

15-12-1982

கரண்டிகளை ஒளித்துவிட்டேன்.

24-12-1982

போச்சு. எல்லாம் போச்சு. மார்கழிக் குளிரில் தேன் பாதிக்கு மேல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

அத்தை பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். "சக்கரைப் பாகைத் தலையில கட்டி அனுப்பியிருக்கறான் உங்கொப்பனுக்கு. நல்ல தேன் நான் கொண்டாரேன். சேனையும் நானே வெக்கறேன்."

"நல்ல தேனும் உறையுமுங்க அத்தை. பொஸ்தகத்துல போட்டிருக்குது."

"பொஸ்தகத்துல ஆயிரம் போடுவான். நாயிக்கு வெச்சுப் பாரு. நல்ல தேன்னா நக்காது."

அக்கா என்னையே பார்த்தாள். நான் என்ன செய்ய?

26-12-1982

நல்ல தேனா என்று பார்க்க ஊரில் சொல்லும் சோதனையெல்லாம் செய்தேன். ஒரு பக்கம் தேன், ஒரு பக்கம் வெல்லப்பாகு.

தண்ணீரில் விட்டேன். இரண்டும் அடியில் போய் உட்கார்ந்தன. காகிதத்தில் விட்டேன். இரண்டுமே ஊறவில்லை. நாய்க்கு வைத்தேன். இரண்டையும் நக்கிவிட்டுக் காகிதத்தையும் தின்றது.

இந்தச் சோதனைகளால் ஒன்றும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. அத்தை மட்டும், "நாயி தேனைத்தான் மொதல்ல நக்குச்சு" என்கிறாள். அதனால் அது தேனே இல்லையாம்.

27-12-1982

உறைந்த தேனை வாணலியில் கொட்டிக் காய்ச்சலாம் என்றாள் அத்தை. பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடுப்பில் ஏற்றினால் வாசம் போய்விடும்! கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, அதற்குள் பாட்டிலை நிறுத்தினேன். ஆற ஆற மாற்றினேன். சாயங்காலம் பழைய மாதிரி பளபளவென்று இளகிவிட்டது.

அத்தை விரலில் தொட்டு மோந்தாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். "மலைத்தேன்தான்."

ஜெயித்துவிட்டேன்!

"அப்பறமென்ன? நான் வேற தேன் தேட வேண்டியதில்லை. இதையே சேனை வெச்சுடறேன்."

எதற்காக நிரூபித்தேன்?

11-1-1983

பிறந்துவிட்டது! பெண்! அக்காவும் சுகம்.

அத்தை முந்தானைக்குள் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மூடியைத் திருகும்போது டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. தேன் ஒரு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது. அதுல இருக்கற கிருமி நமக்கு ஒண்ணும் பண்ணாது, பச்சைக் குழந்தைக்கு ஆபத்து."

"ஒரு சொட்டுங்களா?"

"ஒரு சொட்டும் கூடாது."

இடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். ஒன்றும் விழவில்லை. அத்தை பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

என் புத்தகத்தில் இது இல்லை. நான் வைத்திருந்தால்? என் விரலாலேயே வைத்திருப்பேனே!

12-1-1983

காலையில் அக்காவின் மாமியார் குஞ்சம்மாள் வெள்ளிக் கிண்ணத்தில் தேனோடு வந்தார். வார்டு வாசலில் அத்தை நின்றாள்.

"எங்கீங்க சம்பந்தி?"

"பேத்திக்குச் சேனை வெக்கத்தான்."

"டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க."

"எம்புள்ளைங்க அத்தனைக்கும் வெச்சு வளத்தவ நான்."

"உங்க ஊட்லதான் வெச்சீங்க. நான் ஊருக்கே வெச்சிருக்கறேன். நானே நிறுத்திட்டேன். கிண்ணத்தை மூடுங்க சாமி!"

கடைசி 'சாமி'யில் அந்த வார்டே எழுந்து உட்கார்ந்தது. கிண்ணம் மூடிக்கொண்டது. அக்கா சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தாள். "அம்மிணி, இந்தக் கோவத்துல கால்வாசியாவது எம்புள்ளைக்கு வரோணும்."

20-1-1983

வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா அத்தையைக் கூப்பிட்டாள். "பாப்பாவுக்கு ஒரு வயசு முடியட்டும். மொதத் தேன் நீங்கதான் வெக்கோணும்." என்னைப் பார்த்தாள். சரியென்று தலையாட்டினேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான்.

 அத்தை என்னிடம் வந்து, "அது வரைக்கும் கெடாதா அம்மிணி?" என்று கேட்டாள், மெதுவாக. அத்தை மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

"ஈரம் படாம, இறுக்கி மூடி வெச்சா கெடாதுங்க."

சின்னப் பாட்டில் ஒன்றைக் காயவைத்துப் பாதியை அதில் ஊற்றிக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்து, மறுபடியும் துடைத்து வாங்கிக்கொண்டாள். மீதியை ராத்திரி தினைமாவில் பிசைந்து எல்லோரும் தின்றோம். பாப்பா அத்தை மடியில் தூங்கியது. அப்பா அந்தச் சின்னப் பாட்டில் பக்கம் கையை நீட்டினார். அத்தை திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தாள். கை பின்னுக்குப் போய்விட்டது.

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.