கொதித்த குழம்பில் பச்சை ஒளி

செவ்வாய், இரவு

கும்மிடிப்பூண்டி ஆலை கேன்டீனின் கோழிக் குழம்பில் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமியைத் தேடிப் பிடிக்க நான் உருவாக்கிய நானோ துகளைக் கலந்து, புறஊதா விளக்கில் பார்த்தேன். குழம்பு ஆறுவதற்குள் பச்சையாக ஒளிர்ந்தது. கிருமி இருக்கிறது என்று அண்டாவோடு கொட்டச் சொன்னேன்.

"நல்லா கொதிக்கவச்சிதான மேடம் எறக்குனேன். அதுல இன்னா இருக்கப் போவுது?" என்றார் சமையல் தேவகி அக்கா. அவரை நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டது ஆலை நிர்வாகம்.

மனசு கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்று, அதே துகளைச் சேர்த்தேன். அதுவும் பச்சை. செத்த கிருமியில் எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறது இந்தத் துகள்?

குழம்பை வளர்ப்புத் தட்டிலும் தடவி வைத்திருக்கிறேன். உயிருள்ளது மட்டுமே அதில் முளைக்கும். நாளை எதுவும் முளைக்காவிட்டால் அக்கா மேல் தப்பில்லை, என் துகள் மேல்தான்.

முளைக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.