வரிசை எண் இருபத்து மூன்று

புதுப்பட்டினம்
27.11.2008

அன்பு மகன் தமீமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். லண்டன் குளிரில் உனக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று ஃபைஸா தானாகவே எழுதிவிட்டாள், அந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டாள். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் அடுப்படியில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறாள். உன் அத்தா கூடத்தில் தூங்குகிறார், அவர் இருமும்போதெல்லாம் இவள் பயந்துபோய் மெழுகுவத்தியை அணைத்துவிடுகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. வெள்ளிக்கிழமை நீ பேசும்போது போன் அவர் கையில்தான் இருக்கும், அதனால்தான் சுகம் சுகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இவள் பள்ளிக்கூடத்துச் சாராள் டீச்சர் விலாசத்துக்கு நீ போட்ட கடிதத்தை ஃபைஸா படித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் உன்னைப் புதிதாகப் படிக்கச் சொல்லியிருக்கும் கணக்கு எனக்கு முழுதாகப் புரியவில்லை. முன்பெல்லாம் வயது ஏற ஏறப் பிள்ளைகளின் சராசரி எடை எப்படி ஏறுகிறது என்று மட்டும் பார்ப்பீர்களாம், இப்போது அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கிறார்கள், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள், கடைசி ஓரத்தில் இருப்பவர்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாடு போடுவீர்களாம், அப்போதுதான் நூற்றில் மூன்று பிள்ளைகள் விழும் கீழ்க்கோட்டை எல்லா வயதுக்கும் சரியாகப் போட முடியுமாம். பழகிப் பார்க்க நம் ஊர்ப் பிள்ளைகளின் எடை வேண்டும் என்றாய், இவளும் டீச்சருமாக ஆறாவதிலிருந்து பதினொன்று வரை நூற்று எண்பது பெண்களை எடை மெஷினில் நிறுத்தி எழுதி அனுப்பினார்கள். பெயர் வேண்டாம், வரிசை எண்ணும் வயதும் போதும் என்று நீதான் சொன்னாய். இப்போது, எண் இருபத்து மூன்று, பதினாறு வயது, முப்பத்தொரு கிலோ, யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள், அந்த ஒரு புள்ளி கீழ்க்கோட்டையே பிடித்து இழுக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தை இவள் எனக்குப் படிக்காமல் தாண்டிவிட்டாள், மீன் வாங்கப் போன இடத்தில், கடிதத்தை முன்னமே படித்திருந்த டீச்சர்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து இவளை ஓர் அறை விட்டேன். இருபத்து மூன்று இவள்தான், தமீம். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், தொடையில் கிள்ளி எழுத வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் பதினொன்றில் சேர வேண்டும் என்று இவள் நின்றாள். உன் அத்தா கத்தவில்லை, அடிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார், ஒண்ணு ஸ்கூலு இல்ல ராத்திரி சோறு, ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு, அப்பறம் என்னிய கொற சொல்லாத. இவள் ஸ்கூல் என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் இருந்துவிட்டேன். காலையில் டீயும் ஒரு பன்னும், அதோடு சரி. பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு இருந்தது, பதினொன்றுக்கு அது கிடையாது. டிபனில் சோறு வைத்துக் கொடுத்ததை ஒரு நாள் வாசலில் பிடித்து நாய்க்குக் கொட்டினார். தினமும் எங்களோடு உட்கார வேண்டும், ஆனால் தட்டு கிடையாது, அவர் சாப்பிடும்போது இவள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னாமே கலெக்டரு, பொஸ்தவம் வயித்த ரொப்பலியா, நாலு பக்கம் கிழிச்சித் துன்னேன் என்பார். நோன்பு மாதத்தில் மட்டும் இவள் சந்தோஷமாக இருந்தாள், எல்லோரும் பசியாக இருந்தார்கள், நோன்பு திறக்கும்போது அக்கம்பக்கத்தார் முன்னால் அவரால் தடுக்க முடியவில்லை. அரிசிக் கடைக்கு வருகிறவர்களிடம், நான் அரிசிய எட போடறேன், எம்புள்ள லண்டன்ல புள்ளைங்கள எட போடறான் பா என்று உன்னைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். அதற்கும், நடிக்கிறா, நிறுத்திடறேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், பிரியாணியே வாங்கியாறேன் என்றார். நிறுத்திவிடுடி என்று நானும் காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. ஒரு நாள் கோபத்தில், அப்படியானால் படித்துச் சாவு என்றும் சொன்னேன், அதையும் எழுதச் சொல்கிறேன்.

ஓரத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கு என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், மூன்றாம் பக்கத்தில் அந்த ஓரத்தில் நின்ற ஒருத்தியை எடுத்துவிடட்டுமா என்கிறாய். நான் படிக்காதவள், எனக்குப் புரியும்படி நீ சொல். உலகத்தில் உன் பேச்சை மட்டும்தான் அவர் கேட்பார். இது கைக்குக் கிடைத்ததும் அடுத்த வெள்ளிக்கிழமை போனில் கேள், ஃபைஸா சாப்பிடுகிறாளா என்று நேராகக் கேள், நாங்கள் எழுதினோம் என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் இவள் தோலை உரித்துவிடுவார். உனக்குப் பயமாக இருந்தால் அதையாவது டீச்சருக்கு எழுதிவிடு, நாங்கள் காத்திருக்க மாட்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே, குளிரில் சூடாக ஏதாவது குடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட மறக்காதே.

உன் அம்மா
சுராயா

அண்ணா, அம்மா எழுந்து போய்விட்டார்கள், இது நானாக எழுதுவது. நீ சந்தேகப்பட்டது சரிதான், முப்பத்தொன்று தப்பு. அன்று மெஷினில் இருபத்தெட்டுதான் காட்டியது, பின்னால் நின்ற பெண்கள் பார்த்துவிடுவார்கள் என்று மூன்று கூட்டி எழுதினேன். திருத்திக்கொள். கோடு இன்னும் கீழே இறங்கினால் மன்னித்துவிடு.

ஃபைஸா