பந்தைத் தொடாத கோல்

அன்புள்ள அப்பா,

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் கோல் அடித்த எங்கள் அணியின் வீப்கே, பந்தைக் கொடுத்தவளைத் தாண்டி, தூரத்தில் நின்ற என்னிடம் முதலில் ஓடிவந்தாள். அதைத்தான் கவனித்தேன்.

நீங்களும் ஒஹாயோவிலிருந்து ஃபோனில் அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள். "ரெண்டாம் பாதி முழுக்க நீ பந்தையே தொடலையேம்மா. உன்னை வீணடிக்கிறாங்க, கிளம்பி வா" என்றீர்கள். கேட்காமலே டிக்கெட்டும் எடுத்துவிட்டீர்கள். ஃபோனை வைத்துவிட்டேன். உங்களிடம் மறுத்துப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? அதனால் எழுதுகிறேன்.

"கோல் தெரிஞ்சா அடி" என்று நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்வீடனில் ஓர் அணிக்கு ஆடப் போனேன். நிறைய அடித்தேன். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது யாரும் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

ஜெர்மனியில் இந்த அணிக்கு வந்த முதல் வாரமே, யாருக்கும் பந்தைக் கொடுக்காமல் நானே அடிப்பதைப் பார்த்து வீப்கே எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏய் அமெரிக்கா, பந்தை உங்க வீட்லேர்ந்தா கொண்டாந்தே?"

குளியலறையில் அழுதேன். மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் பந்து வராத பக்கமாக ஓடிக் காட்டினேன். எதிரணியில் இரண்டு பேர் என் பின்னால் வந்தார்கள். "ஓ, மூளையும் இருக்காடி உனக்கு?" என்று சொல்லிவிட்டு, காலியான அந்த இடத்தில் வீப்கே புகுந்தாள். அன்று மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை என் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். வீடியோவை மறுபடி போட்டு, பந்தை விட்டுவிட்டு என்னைப் பாருங்கள். அந்தக் கோல் என்னுடையதும்தான்.

நான் வரமாட்டேன், அப்பா. டிக்கெட்டை நீங்களே ரத்து செய்துவிடுங்கள்.

இன்று காலை இந்த அணியோடு இன்னொரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு பூட்ஸிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

உங்கள் மகள்