வராதவர் முன்னால் நடப்பார்

ஏப்ரல் 27, ஞாயிறு

சகிக்காத வெயில். மாடி அறை மின்விசிறி அனலைத்தான் தள்ளுகிறது. மூன்று மணிக்கு ஆட்டம், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடக்கும் ஆட்டம். பப்ஸ் நாலு, சோடா நாலு.

என் மேஜையின் மகான்கள்:

குமரன். டேங்க், அதாவது முன்னால் நின்று அடி வாங்குகிறவன். ரெட்டியார்பாளையத்தில் செல்போன் கடை. ஆறடி உயரம், மூளைக்கு மட்டும் இடம் விடவில்லை.

தினகர். ரூல்ஸ் லாயர். பூதம் கடிக்க வந்தாலும் பக்க எண் கேட்பான். அவன் மனைவி எப்படித்தான் தாங்குகிறாளோ!

ரோசலி, எங்களுக்கு ரோசி. ஓவிய டீச்சர். ஆட்டத்தில் ஹீலர், அடிபட்டவர்களைப் பிழைக்க வைப்பவள். மூன்று வருடமாக ஒரே பாத்திரம், பெயர் மரியம். மரியம் விவரம் எழுதிய தாள் முழுக்க டேப், காபிக்கறை.

நான் மாஸ்டர். கதை, பூதம், ஊர் ஜனம் எல்லாம் நானே. எனக்கு முன்னால் காலண்டர் அட்டைத் தடுப்பு, அதன் பின்னால் என் இருபது முகப் பகடை. எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மேஜை விதி. அட்டைக்கு வண்ணம் தீட்டித் தந்தது ரோசி, என் பிறந்தநாளுக்கு.

இன்று கிளம்பும்போது குமரன்: "அடுத்த கதைய ரோசி நடத்தட்டுமே மாஸ்டர். நீங்களும் ஒருவாட்டி எங்களோட ஒக்காந்து ஆடுங்க." தினகர் கைதட்டினான். ரோசி முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு இன்னா தெரியும்"னு ஒரு பேச்சுக்குச் சொன்னாள்.

ஆறு வருடம்! என் வீடு, என் மேஜை, என் மின்சாரம். நானும் சிரித்தேன். பல் வலித்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆபீஸில் ஏ.சி. ரிப்பேர். ரோசி மெசேஜ்: "அண்ணா, ஞாயித்துக்கெழம அக்கா பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மை. ஆட்டத்த ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?"

தினகருக்கு அடுத்த வாரம் ஆகாது என்று பதில் போட்டேன். தினகரைக் கேட்கவே இல்லை. "பரவால்ல ண்ணா, நீங்க ஆடுங்க" என்று கட்டைவிரல் அனுப்பினாள். பாவம், நல்ல பெண். அதுதான் எரிச்சல்.

ஆட்டத்துக்கு வராதவரின் பாத்திரம் அன்று வரிசையில் முதலில் நடக்க வேண்டும். குமரன் அடிக்கடி மட்டம் போட்ட காலத்தில் நானே வைத்த விதி. பொறி, குழி எல்லாம் அதற்குத்தான் முதலில். இதுவரை யாரையும் சாகவிட்டதில்லை, கால் முறியும், அவ்வளவுதான். ஆனால் சாகக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. தினகரே ஒப்புக்கொள்வான்.

வாங்க: பென்சில், ஓடோமாஸ், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். தெருவில் நாய்கூட இல்லை.

மரியம் முதலில் நடந்தாள். குகை, விஷ அம்பு. பகடையில் பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் தப்பலாம். உருட்டினேன்.

"மூணு" என்றேன்.

குமரன் எழுந்தே விட்டான். "மாஸ்டர், வேணாம் மாஸ்டர். அவ இல்லாதப்ப போயி மரியத்தச் சாகடிச்சு..." தினகர் புத்தகத்தைப் புரட்டினான், புரட்டினான், மூடினான். "ரூல் ரூல்தான்" என்றான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

விழுந்தது பதினேழு. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நன்றாகத் தூங்குவேன் இன்று.

மே 6, செவ்வாய்

மாலை ரோசி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள், குமரன் உளறியிருக்கிறான். கையில் புதுநன்மை கேக் டப்பா. அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருந்தது.

"எவ்ளோ ண்ணா வந்துச்சு?"

"மூணு."

"அப்ப சரி." கேக் டப்பாவை மேஜையில் வைத்தாள். அப்புறம்: "வேற யாருன்னா பாவம் பாத்து மாத்திச் சொல்லியிருப்பாங்க. நீங்க டைஸ்ல பொய் சொல்ல மாட்டீங்க. அதுக்குத்தான் ண்ணா இங்க வரேன். வீட்லயும் ஸ்கூல்லயும் எல்லாரும் எனக்கோசரம் மாத்தி மாத்திதான் பேசறாங்க."

மரியம் தாளை நாலாய் மடித்து என்னிடமே கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க."

அடுத்த கதையை நடத்தும் ஆசையும் போச்சாம். யாரையும் சாகடிக்க மனசு வராதாம். ஜெயித்துவிட்டேன்!

ரம் கேக். இரண்டு துண்டு தின்றேன். தாளை மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சனியன், தொட்டால் உறுத்துகிறது.

மே 11, ஞாயிறு

லேசாகத் தூறி நின்றது. புழுக்கம் இரட்டிப்பு. பப்ஸ் நாலு.

ரோசி புதுப் பாத்திரம் எழுதி வந்தாள். மறுபடி ஹீலர், முதல் படியிலிருந்து. ஒரு எலி கடித்தாலே போய்விடும்.

உட்கார்ந்ததும் சொன்னாள்: "யோசிச்சேன் ண்ணா. நீங்க நடத்தற மாதிரி நேர்மையா நடத்துனா யாருக்கும் வருத்தம் இருக்காது. ஆடி மாசம் முடிஞ்சதும் நானே ஒரு கதை ஆரம்பிக்கறேன். சொல்லித் தரீங்களா?"

குமரன் விசில் அடித்தான். தினகர் அதற்குள் தேதி குறிக்கிறான்.

தருகிறேன் என்றேன். கதையைத் தொடங்கினேன். பாழடைந்த வீடு, கதவைத் திறப்பது ரோசி, உள்ளே அம்பு. உருட்டினேன். பத்தொன்பது.

"ரெண்டு" என்றேன்.

ரோசி தாளை மடிக்க ஆரம்பித்தாள். வழக்கமாகப் பகடையைச் சட்டென்று எடுத்துவிடுவேன். இன்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். குமரன், ஆறடி மடையன், எழுந்து அட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டர்... பத்தொம்பது மாஸ்டர் இது."

தினகர் பக்க எண் கேட்கவில்லை. யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ரோசிதான் கேட்டாள்: "அன்னைக்கு எவ்ளோ ண்ணா வந்துச்சு?"

"மூணு" என்றேன்.